பள்ளப் பங்கு

கொரிந்து வளைகுடாவின் தென்கரையில்
ஒரு திராட்சைக் களத்துக் கொட்டகை.
உலர்ந்த மூட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு
மண்ணை அடுக்கியிருக்கிறேன்,
மீட்டருக்கு ஒரு பெட்டியாக.

பொலிக்ரோனிஸ் துளை போட்டது தண்ணீருக்குத்தான்.
முதல் பெட்டியில் எலுமிச்சை வேர், நீல பிளாஸ்டிக் கயிறு.
நாலாவதில் ஆற்றுக் கூழாங்கல்.
ஒன்பதாவதில் கறுப்புச் சேறு.
துளைக்கிற அர்கீரிஸ் மோந்து பார்த்து
"அழுகிய முட்டை" என்று முகம் திருப்பினான்.
நான் விரலால் கிளறினேன்.
நொய்யரிசி அளவில் சிப்பிகள்,
உப்பும் நன்னீரும் கலக்கிற காயலில் மட்டும் குடியிருப்பவை.
"கடலா?" என்றார் பொலிக்ரோனிஸ்.
கடலில்லை.
கடலுக்கு அடுத்த வீடு.

பிறகு மறுபடி கூழாங்கல்.
மறுபடி சேறு.
மறுபடி கூழாங்கல், இம்முறை முஷ்டிப் பருமனில்.
பேரேட்டில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுகையில்
தூங்கிவிட்டோமோ என்று
எழுதுகிறவளுக்கே சந்தேகம் வரும்.

பேக்கரியைத் தாண்டியதும் சாலை
சட்டென்று மூச்சு வாங்குகிற ஒரு மேடு உண்டு.
அங்கேதான் நிலம் கிழிந்திருக்கிறது.
மேலே இருப்பது தங்கை அசிமீனாவின் பங்கு:
ஆலிவ் மரங்கள், காற்று, வளைகுடா முழுதும் தெரியும் ஜன்னல்.
கீழே இவருடையது.
தகப்பனின் தொப்பிக்குள் இரண்டு வாதுமைக் கொட்டை போட்டு
குலுக்கி எடுத்ததாம்.
ஒரு ஜூன் மாதப் பூகம்பத்தில்
இவருடைய கடைசி வரிசை எலுமிச்சைகள்
கணுக்காலளவு கடலில் நின்றன.
மேலே ஒரு ஜாடிகூட உடையவில்லை.
அன்றிலிருந்து பேச்சில்லை.

நான் சொன்னேன்:
தரை ஒரு முழம் இறங்கும். உப்புநீர் எட்டிப் பார்க்கும்.
சிப்பிகள் குடிவரும்.
ஆறு பள்ளத்தை மோப்பம் பிடித்து
கல்லும் மணலுமாய்க் கொண்டுவந்து தூர்க்கும்.
புல் முளைக்கும். யாராவது வேலி போடுவார்கள்.
பிறகு மறுபடி இறங்கும்.

"எப்போது?"
அதை எந்தப் பெட்டியும் முன்கூட்டிச் சொன்னதில்லை.

பிளவை நெருங்க நெருங்க
ஒவ்வொரு அடுக்கும் தடித்துக்கொண்டே போகிறது,
முதுகுப்பக்கம் நனைந்து உப்பிப்போன
கணக்குப் புத்தகம் மாதிரி.
கடலோரத்துத் துளையில் ஒரு சாண் இருந்த சேறு
இங்கே ஆள் உயரம்.
இறங்கிய இடத்தில்தான் எழுத இடம் கிடைத்திருக்கிறது.

மேட்டில் என்ன மிச்சம்?
போன மாதம் அசிமீனா கழிப்பறைக் குழி தோண்டியபோது
சாய்ந்து சாய்ந்து படிந்த பரல்கள் வந்தன,
இடுக்கில் ஒரு கிளிஞ்சல்.
அவள் ஜன்னலும் ஒருகாலத்தில் கடலடிதான்.
அன்றைக்கு நிலம் இன்னும் தெற்கே கிழிந்திருந்தது,
அன்றைக்கு அவளுடையதே பள்ளப் பங்கு.
இப்போது ஒவ்வொரு மழைக்காலமும்
அந்தப் பரல்களைக் கழற்றி உருட்டி
அண்ணன் நிலத்தில் சேர்க்கிறது ஆறு,
பத்திரமில்லாமல், சாட்சிக் கையெழுத்தில்லாமல்.

இதை அவரிடம் சொல்லவில்லை.

முப்பத்தோராவது மீட்டரில் தண்ணீர் ஏறியது.
நாக்கில் வைத்தேன்: இனிப்பு.
மூழ்கிப்போன காயலின் சேறு
மேலே மூடிபோல் படுத்துக்கொண்டு
உப்பை உள்ளே விடாமல் காத்திருக்கிறது.
அர்கீரிஸ் தலையில் ஊற்றிக்கொண்டான்.
பொலிக்ரோனிஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு
எதிர்பாராத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

சாயங்காலம்
மேட்டிலிருந்து ஒரு சிறிய டிரக் இறங்கி வந்தது.
பின்னால் வெள்ளைத் தொட்டி, காலியாக அதிர்ந்தபடி.
அசிமீனா இன்ஜினை அணைக்கவில்லை, இறங்கவுமில்லை.
அவர் ரப்பர் குழாயை இழுத்துப்போய்
தொட்டி வாயில் செருகிவிட்டு
சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்:
"முன் டயரில் காற்றில்லை."

கொட்டகையில் வெளிச்சம் குறைந்துவிட்டது.
கடைசிப் பெட்டிக்கு இன்னும் சீட்டு ஒட்டவில்லை.
வெளியே தொட்டி நிரம்புகிற சத்தம்,
ஆழமாய்த் தொடங்கி
மெல்ல மெல்ல மேலேறி வருகிறது.